ஒரு வயது நெருங்கும் பிள்ளையும் எல்லையோரக் கோடையும்: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

கொழிஞ்சாம்பாறைக்காரி எழுதியது:

என் தங்கை மகனுக்கு அடுத்த மாதம் ஆண்டு நிறைவு. மொட்டையும் காதுகுத்தும் இந்த வெயிலிலேயே வைப்பதா, ஆனி பிறந்து காற்று குளிரட்டும் என்று தள்ளிப்போடுவதா என்று இரண்டு வீட்டிலும் பேச்சு நடக்கிறது. நீதான் மூத்தவள், நீ சொல் என்கிறாள். என் மகனின் முதல் கோடையில் நான் பட்ட பாட்டை முதலில் எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு யாராவது தெளிவாகச் சொன்னால் புண்ணியம்.

என் பிறந்த வீடு கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் வீட்டில் பேச்சு தமிழ், கடைத்தெருவில் இரண்டும் கலந்தது. புகுந்த வீடு பொள்ளாச்சிப் பக்கம். நடுவில் கோபாலபுரம் சோதனைச்சாவடி. அதைத் தாண்டினால் பஞ்சாங்கம் மாறிவிடும்.

மகன் பிறந்தது 2023 ஏப்ரல் 14, வெள்ளிக்கிழமை காலை. அத்தை வீட்டு நாட்காட்டியில் அது சித்திரை ஒன்று. வருடப்பிறப்பில் பிறந்த பிள்ளை என்று தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்தார்கள். என் அப்பா மலையாள நாட்காட்டியைப் பார்த்துவிட்டு, "இன்றைக்கு மீனம் கடைசி அல்லவா? விஷு நாளைக்குத்தானே" என்றார். அந்த ஆண்டு சூரியன் மேஷத்துக்குள் நுழைந்தது பிற்பகல் மூன்று மணி சுமாருக்கு. பொழுது சாய்வதற்குள் நுழைந்துவிட்டால் அன்றைக்கே மாதம் பிறந்துவிட்டது என்பது தமிழ்க் கணக்கு. பகலை ஐந்து பங்காக்கி மூன்று பங்கு முடிவதற்குள் நுழைந்தால்தான் அன்றைக்கு, தவறினால் மறுநாள் என்பது மலையாளக் கணக்கு. மூன்று மணி இரண்டுக்கும் நடுவில் போய் விழுந்தது. பிரசவ வார்டில் இதை யார் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள்? பதினொரு மாதம் கழித்துத்தான் வில்லங்கம் தலைதூக்கியது.

பிறந்த மாதத்தில் பிறந்த நட்சத்திரம் வரும் நாளில்தானே ஆண்டு நிறைவு? மீனத்துப் பிள்ளை என்றால் 2024 ஏப்ரல் முதல் வாரத்திலேயே அந்த நட்சத்திரம் வந்துவிடுகிறது. சித்திரைப் பிள்ளை என்றால் மே தொடக்கம்வரை காத்திருக்க வேண்டும். இடையில் ஆங்கிலத் தேதி. ஒரு மாதத்துக்குள் ஒரே பிள்ளைக்கு மூன்று பிறந்தநாள்! அதுவும் எப்படிப்பட்ட மாதம்? அந்த ஏப்ரல் கடைசியில் பாலக்காட்டில் வெயில் 41 டிகிரியைத் தாண்டி, வெப்ப அலை என்றே அறிவித்தார்கள். கணவாய் ஊர், காற்றுக்குக் குறைவில்லை என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். மலைகளுக்கு நடுவே முப்பது கிலோமீட்டருக்கு மேல் அகலமான இடைவெளி, காற்று வரத்தான் செய்யும். சித்திரையில் அது ஊதுகுழல் வழியாக வருவது போல வரும், அவ்வளவுதான்.

பகலில் அவனைச் சிவப்புச் சிமெண்டுத் தரையில் வெறும் அரைஞாணோடு விட்டுவிடுவேன். குளிர்ந்த இடமாகத் தேடித் தேடித் தவழ்வான். தண்ணீர்ப் பானைக்கு அடியில், அம்மி மேடைக்குப் பக்கத்தில், கதவு மூலையில். பூனை எங்கே படுக்கிறதோ அங்கே இவனும் போய்ப் படுப்பான். அவனைக் காணவில்லை என்றால் பூனையைத் தேடுவோம். கழுத்து மடிப்பிலும் முதுகிலும் வேர்க்குரு. ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். பவுடரை மட்டும் நான் வீட்டுக்குள் விடவில்லை. வியர்வையோடு சேர்ந்து அது மாவாகப் பிசைந்துகொள்வதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். இரண்டு வேளை குளியல், பழைய பருத்திப் புடவையில் தூளி, பிற்பகல் வேப்பமரத்தடி. நுங்கு வந்ததும் அம்மா மேல்தோலை உரித்து நசுக்கி விரல் நுனியில் வைத்துக் கொடுப்பார். முதல் வாய்க்கு முகத்தைச் சுளித்தான். இரண்டாவது வாய்க்கு அம்மாவின் விரலையே கடித்தான். பல் ஆறு இருந்தது அப்போது.

இரவில் மின்சாரம் போனால் நானும் அம்மாவும் முறை வைத்துப் பனையோலை விசிறி வீசுவோம். விசிறி நின்றுவிட்டதைத் தூக்கத்திலேயே அறிந்துகொள்ள ஒரு வயது ஆகாத பிள்ளைக்கு எப்படித்தான் முடிகிறதோ.

எங்கள் ஆழ்துளைக் கிணறு மாசியிலேயே கையை விரித்துவிட்டது. ஆழியாற்றிலிருந்து எங்கள் சித்தூர்ப்புழைக்கு இவ்வளவு தண்ணீர் விட வேண்டும் என்று 1970-இல் இரண்டு மாநிலங்களும் போட்ட ஒப்பந்தம் இருக்கிறது. ஆனால் அந்தக் கோடையில் எங்கள் தெருவுக்கு வந்தது டேங்கர் லாரிதான். லாரி முனையில் திரும்பியதும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் "வெள்ளம் வந்நு, வெள்ளம் வந்நு" என்று, அதாவது தண்ணீர் வந்தது என்று மலையாளத்தில், கத்திக்கொண்டு குடத்தோடு ஓடுவார்கள். நாள் தவறாமல் அதைக் கேட்டுக் கேட்டு என் மகன் சொன்ன முதல் சொல் "வெள்ளம்". அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. பொள்ளாச்சியில் அத்தை மடியில் உட்கார்ந்துகொண்டு, நாக்கு வறண்டதும், "வெள்ளம், வெள்ளம்" என்று கையை நீட்டினான். அத்தை வாசலை எட்டிப் பார்த்தார். பரம்பிக்குளம் வாய்க்காலே பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது, இவன் எங்கே வெள்ளத்தைக் கண்டான் என்று அவருக்குக் குழப்பம். விஷயம் தெரிந்ததும் என்னைப் பார்த்தார். "பேரனுக்குத் தண்ணி என்று சொல்லிக்கொடு கண்ணு" என்றார். குரல் சாந்தமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு எங்களை ஒரு வாரம் கொழிஞ்சாம்பாறைக்கு அனுப்பவில்லை.

விஷுவுக்குத்தான் மறுபடி போனோம். 2024-இல் விஷுவும் சித்திரை ஒன்றும் சண்டை போடாமல் ஒரே நாளில், ஏப்ரல் 14-இல் வந்தன. வந்ததில்தான் சிக்கல். கோவைப் பக்கத்தில் அன்றைக்குச் சித்திரைக்கனி. இரண்டு வீட்டிலும் விடியலில் பிள்ளை கண்ணைத் திறந்ததும் பார்ப்பது தங்கள் கனியாகத்தான் இருக்க வேண்டும். முதல் நாள் இரவே அம்மா உருளியில் கணிவெள்ளரி, கொன்றைப்பூ, கண்ணாடி, நாணயம் எல்லாம் அடுக்கிவைத்துவிட்டார். அத்தை வீட்டில் மா, பலா, வாழையோடு நகைப்பெட்டி. பேசிப் பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம்: நான்கரை மணிக்கு எங்கள் வீட்டில் எழுப்பிக் கணி காட்டுவது, உடனே காரில் ஏற்றி ஆறு மணிக்குள் பொள்ளாச்சி.

அவன் எழுந்திருக்கவே இல்லை. அம்மா ஒரு கையால் அவன் கண்ணைப் பொத்தி விளக்குக்கு முன்னால் கொண்டுவந்து கையை எடுத்தால், இமை மூடியே கிடக்கிறது. கன்னத்தைத் தட்டினோம், ஈரத்துணியால் துடைத்தோம். குறட்டைதான். நேரமாகிறது என்று தூக்கிக்கொண்டு கிளம்பினோம். கோபாலபுரத்தில் வண்டி நின்றதும் பட்டென்று கண்ணைத் திறந்தான். எதிரில், வெளிச்சத்தில், ஒரு லாரி நிறைய இளநீர்.

அப்படியாக என் மகனின் முதல் கனி சோதனைச்சாவடி இளநீர் லாரி. இரண்டு பாட்டிகளுக்கும் இதில் வருத்தம் சமமாக இருந்ததால் வீட்டில் அமைதி நிலவியது.

மீதியை அப்புறம் எழுதுகிறேன். உங்கள் கதையைச் சொல்லுங்கள்.


புளியரைத் தாத்தா எழுதியது:

அம்மா, உங்களுக்குப் பஞ்சாங்கச் சண்டை. எங்களுக்கு அது பழகிப்போனது. எங்கள் செங்கோட்டைப் பக்கம் 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி என்றுதான் இருந்தது. நான் பிறந்ததே திருவிதாங்கூரில். என் ஜாதகத்தில் மலையாளக் கணக்கான கொல்லம் ஆண்டுதான் இருக்கிறது. என் மகன் ஜாதகத்தில் தமிழ் ஆண்டும் சேர்த்து இரண்டும் இருக்கிறது. பேரன் ஜாதகம் கம்ப்யூட்டரில் எடுத்தது, அதில் என்ன இருக்கிறது என்று எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

போன வருடம் பேரனுக்குப் பதினொரு மாதம் நடக்கும்போது குளத்துப்புழைக்கு ஒரு நேர்ச்சை பாக்கி இருந்தது. அங்கே சாஸ்தா பாலகனாக இருக்கிறார், ஆரியங்காவில் இளைஞர், அச்சன்கோவிலில் குடும்பஸ்தர். பிள்ளைக்கு நேர்ந்துகொள்வதென்றால் எங்கள் பக்கத்தில் குளத்துப்புழைதான். மருமகள், "இந்த வெயிலிலா மாமா?" என்றாள். ரயிலில் போவோம், மலைக்குள் போய்விட்டால் வெயில் தெரியாது என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன்.

இந்தப் பாதையில் நான் மீட்டர்கேஜ் காலத்திலிருந்து போகிறேன். 1904-இல் போட்ட பாதை. 2010-இல் நிறுத்தி, அகலப்படுத்தி, 2018-இல்தான் மறுபடி முழுசாகத் திறந்தார்கள். அந்த எட்டு வருடம் எங்களுக்கு வனவாசம். சரி, அது வேறு கதை. பகவதிபுரம் தாண்டியதும் பெரிய குகை வரும். பேரன் மருமகள் மடியில் அழுதுகொண்டிருந்தான், வேர்த்துக்கொட்டுகிறது. வண்டி குகைக்குள் நுழைந்ததும் அழுகை நின்றுவிட்டது. இருட்டு, சக்கரச் சத்தம், சுவரிலிருந்து ஒரு குளுமை. பயந்துவிட்டானோ என்று தடவிப் பார்த்தேன். என் மூக்கைப் பிடித்துக்கொண்டான். வெளிச்சம் வந்ததும் கடகடவென்று சிரித்தான். பிறகு குகை வரும்போதெல்லாம் இதே கூத்து. இருட்டில் மூச்சுக்கூட விடமாட்டான், வெளியே வந்ததும் சிரிப்பு. பெட்டியில் இருந்த கல்லூரிப் பையன்கள் அடுத்த குகைக்குக் காத்திருக்க ஆரம்பித்துவிட்டார்கள். பதிமூன்று கண் பாலத்தைப் படம் எடுக்க ஏறிய பயல்கள், பாலத்தை விட்டுவிட்டு இவனைப் படம் எடுத்தார்கள்.

குளத்துப்புழை ஆற்றில் மீன்களைப் பார்த்திருப்பீர்கள். 'திருமக்கள்' என்பார்கள், யாரும் பிடிக்க மாட்டார்கள். பொரி போட்டால் கறுப்பாக மொய்த்துக்கொண்டு வரும். பேரனைப் படியில் உட்காரவைத்து அவன் கையாலேயே போடச்சொன்னேன். ஒரு பிடி ஆற்றுக்கு, ஒரு பிடி தன் வாய்க்கு என்று பங்கு வைத்தான். மருமகள் வாயிலிருந்து தோண்டி எடுத்தாள். கால் தண்ணீரில் பட்டதும், மீன் வந்து உரசியதும், ஒரு கத்தல். பயமில்லை, ஆனந்தம். அன்றைக்கு முழுக்க அவனை அந்தப் படியிலிருந்து தூக்குவதற்கு நாங்கள் பட்ட பாடு!

திரும்பும்போது ஒரு கடையில் மலைத்தேன் வாங்கி ஒரு சொட்டு நாக்கில் வைத்தேன். எங்களுக்கெல்லாம் அப்படித்தான் வைத்தார்கள்.

உங்கள் தங்கைக்கு என் யோசனை: குற்றாலத்தில் சாரல் விழட்டும், அப்புறம் மொட்டை போடுங்கள். ஒன்று மட்டும், சாரலுக்கு முன்னால் மே மாதத்தில் அருவி வறண்டு கிடக்கிறது என்று பிள்ளையை அடியில் கொண்டுபோய் உட்காரவைக்காதீர்கள். மலைமேல் பெய்கிற மழை கீழே இருப்பவனுக்குத் தெரியாது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு பையன் போய்விட்டான்.


ஓய்வுபெற்ற செவிலியர், வாளையாறு எழுதியது:

தாத்தா, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு வயது முடியும்வரை தேன் ஒரு சொட்டுகூடக் கூடாது. தேனில் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமியின் வித்து இருக்கக்கூடும். நமக்கு ஒன்றும் செய்யாது; பச்சைக்குழந்தையின் குடலில் அது முளைத்து நஞ்சு சுரந்தால் கைகால் துவண்டுபோகும், பால் உறிஞ்ச முடியாது, மூச்சுக்கே ஆபத்து. உங்களுக்கெல்லாம் வைத்தார்கள், ஒன்றும் ஆகவில்லை என்பீர்கள். ஆனவர்கள் வந்து சொல்ல முடியாது.

இருபது வருடத்துக்கு மேல் நான் எல்லையோரக் கிராமங்களில் ஊசி போட்டிருக்கிறேன். ஒரு சித்திரை மாதத்தில் பத்து மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள், உடம்பு கொதிக்கிறது என்று. பார்த்தால் தலையில் கம்பளிக் குல்லா, காலில் சாக்ஸ், மேலே துவாலை. காற்று பட்டுவிடுமாம். ஒவ்வொன்றாகக் கழற்றி, நிழலில் படுக்கவைத்து, ஈரத்துணியால் துடைத்து, அம்மாவைப் பால் கொடுக்கச் சொன்னேன். முக்கால் மணியில் சூடு இறங்கிவிட்டது. அந்தக் குல்லாவை நான் திருப்பிக் கொடுக்கவில்லை.

எல்லாச் சூடும் அப்படி இறங்காது. சிறுநீர் கழிப்பது வழக்கத்தைவிடக் குறைந்தால், உச்சிக்குழி பள்ளமாகத் தெரிந்தால், கண்ணீர் இல்லாமல் அழுதால், எழுப்பினாலும் சுருண்டு படுத்தால், கைவைத்தியம் பார்க்காமல் மருத்துவரிடம் ஓடுங்கள். வயிற்றுப்போக்கு என்றால் ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பொட்டலம் முழுவதையும் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்ட வேண்டும். டம்ளருக்குக் கால் பொட்டலம் என்று உத்தேசமாகப் போடக் கூடாது. மறுநாளைக்கு மீதம் வைக்கக் கூடாது. கூடவே துத்தநாக மாத்திரை பதினான்கு நாள். நின்றுவிட்டது என்று நான்காம் நாளே நிறுத்திவிடுகிறார்கள்.

இன்னொன்று, இரண்டு மாநிலத்துக்கும் இடையில் அலையும் பிள்ளைகளுக்கு. ஒன்பது மாதம் முடிந்ததும் போட வேண்டிய தட்டம்மை-ரூபெல்லா ஊசியும் வைட்டமின் ஏ சொட்டும் கோடை விடுமுறையில்தான் தவறிப்போகிறது. அங்கே போட்டிருப்பார்கள் என்று இங்கே விடுவோம், இங்கே போட்டிருப்பார்கள் என்று அங்கே விடுவார்கள். அட்டையைப் பாட்டி வீட்டுக்கும் எடுத்துப் போங்கள். காதுகுத்து வெயிலிலா மழையிலா என்பது என் துறை இல்லை. ஊசி எல்லாம் முடிந்திருக்கட்டும், குத்துகிற கம்பி புதிதாக இருக்கட்டும்.


நகரி விசைத்தறிக்காரர் எழுதியது:

எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தறி. என் மகள் வயிற்றில் இருந்தபோதிலிருந்தே அந்தச் சத்தத்தில் வளர்ந்தவள். தாலாட்டு என்று தனியாக யாரும் பாடியதில்லை. கடகட என்று நாடா ஓடினால் தூங்குவாள். கோடையில் மின்சாரம் நின்றதும் தெரு முழுக்க ஒரே நொடியில் மௌனமாகும் பாருங்கள், அப்போது விழித்துக்கொண்டு வீறிடுவாள். மின்விசிறி நின்றதால் அழுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தோம். விசிறினால் அடங்கவில்லை. என் அப்பா ஒரு நாள் தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தகரப் பெட்டியைத் தறி ஓடுகிற கதியில் தட்டினார். தூங்கிவிட்டாள். நல்ல நெசவாளிக்குத்தான் அந்தக் கதி கைவரும். நான் தட்டினால் அழுவாள்.

நான் எழுத வந்தது வேறு. பதினொரு மாதத்தில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தாள். எங்கள் ஆந்திரத்துச் சித்தூர் ஜில்லாவில் மாங்காய்க் காலம் என்றால் உறவினர் கூட்டம் வரும். வந்தவர்களில் ஒருவர், யாரென்று சொல்லமாட்டேன், இன்னும் வீட்டுக்கு வருகிறவர், ஆசையாக அவள் ஒரு கையைப் பிடித்துத் தூக்கிச் சுற்றினார். இறக்கிவிட்டதும் ஒரு அலறல். பிறகு அழுகை நின்றது, ஆனால் அந்தக் கை தொங்கிக்கொண்டே இருந்தது. கிளிமூக்கு மாங்காய்த் துண்டை நீட்டினேன், இடது கையால் வாங்கினாள். வலது கையைத் தொட்டாலே கத்துகிறாள்.

எங்கள் வீட்டிலிருந்து புத்தூர் பக்கம். புத்தூர் கட்டு தெரியாதவர்கள் இருக்க முடியாது. மூலிகைச் சாறும் முட்டை வெள்ளையும் தடவி மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவார்கள். தமிழ்நாட்டிலிருந்து வண்டி வண்டியாக வருவார்கள். என் அம்மா புடவை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். மனைவி மட்டும், "எலும்பு உடைந்ததா இல்லையா என்றே தெரியாமல் கட்டுப் போடக் கூடாது" என்று நின்றாள். வாசலில் வைத்து மாமியாருக்கும் மருமகளுக்கும் வாக்குவாதம், பிள்ளை என் தோளில். நான் மனைவி பக்கம் சாய்ந்தேன். இன்றுவரை அம்மா அதை மறக்கவில்லை.

குழந்தை மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "விழுந்தாளா, யாராவது கையைப் பிடித்துத் தூக்கினார்களா?" சொன்னோம். முழங்கையைத் தன் உள்ளங்கையில் தாங்கி, முன்கையைத் திருப்பி, மெல்ல மடக்கினார். 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான். பத்து நிமிடம் வெளியே உட்காரச் சொன்னார். ஆறாவது நிமிடத்தில் மகள் வலது கையால் என் சட்டைப்பையிலிருந்த பேனாவை உருவினாள். முன்கை எலும்பின் தலை தன்னைச் சுற்றியிருக்கிற நாரிலிருந்து நழுவிவிட்டதாம். சின்னப் பிள்ளைகளுக்கு அந்த நார் தளர்வாக இருப்பதால் ஐந்து வயதுவரை அடிக்கடி வரக்கூடியது. எலும்பு முறிவே இல்லை. அக்குளில் கைகொடுத்துத் தூக்குங்கள், மணிக்கட்டைப் பிடித்து ஒருபோதும் இழுக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்து அந்த உறவினரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. மாம்பழம் மட்டும் இரண்டு கூடைக்குப் பதில் ஒரு கூடை கொடுத்து அனுப்பினோம்.

மொட்டை விஷயத்தில் ஒரு பயனுள்ள தகவல். திருமலையில் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையோடு வரும் அப்பா அம்மாவைச் சுபதம் வாசல் வழியாகத் தனியாக விடுகிறார்கள். பிறப்புச் சான்றிதழும் ஆதாரும் கேட்பார்கள். நாங்கள் ஆண்டு நிறைவுக்கு எட்டு நாள் முன்னால் போய், கல்யாணகட்டாவில் முடி இறக்கி, அந்த வாசல் வழியாகத்தான் போனோம். பெரிய வரிசையில் நிற்க வேண்டியதில்லை. ஒரு வயது முடிந்தால் அந்தச் சலுகை போய்விடும். ஆனிவரை தள்ளிப்போடுகிறவர்கள் இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.


தேவிகுளத்திலிருந்து ஒரு அம்மா எழுதியது:

எல்லோரும் வெயிலைப் பற்றி எழுதுகிறீர்கள். நாங்கள் மூணாறுப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் இருக்கிறோம். சித்திரையிலும் பிள்ளைக்கு ராத்திரியில் கம்பளி வேண்டும். செவிலியர் அக்கா என்னைத் திட்ட வேண்டாம்.

பதினோராவது மாதத்தில் முதல் முறையாகப் போடிக்கு, என் அம்மா வீட்டுக்கு இறங்கினோம். போடிமெட்டிலிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் ஒரு துணி கழன்றது: கம்பளி, குல்லா, ஸ்வெட்டர், சட்டை. முந்தல் வரும்போது ஜட்டி மட்டும் பாக்கி. அதுவும் வாந்தியில் நனைந்துவிட்டது.

வீட்டில் கூடத்தில் படுக்கவைத்ததும் மேலே பார்த்தான். மின்விசிறி. எங்கள் வீட்டில் அது கிடையாது, அவன் பார்த்ததே இல்லை. வாயைப் பிளந்துகொண்டு கிடந்தான். நிறுத்தினால் அழுகை, போட்டால் சிரிப்பு. எங்கள் அம்மா பேரன் வருகிறான் என்று வாங்கிவைத்த கிலுகிலுப்பை, ரப்பர் வாத்து, எதையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. பத்து நாள் இருந்தோம், பத்து நாளும் மல்லாந்து படுத்தபடி விசிறியோடு பேசிக்கொண்டிருந்தான். அம்மாவுக்கு வருத்தம்தான். "என் முகத்தைப் பார்க்கமாட்டேன் என்கிறானே" என்றார். கடைசி இரண்டு நாள் அவரும் அவனுக்குப் பக்கத்தில் மல்லாந்து படுத்துக்கொண்டார்.


கொழிஞ்சாம்பாறைக்காரி மறுபடி எழுதியது:

மீதியைச் சொல்லிவிடுகிறேன். எந்தப் பிறந்தநாள் என்று முடிவெடுக்க யாருக்கும் தைரியம் வரவில்லை, அதனால் மூன்றும் நடந்தது. ஏப்ரல் முதல் வாரத்தில் எங்கள் வீட்டில் நட்சத்திரத்துக்கு அர்ச்சனையும் பால் பாயசமும். பதினாலாம் தேதி இளநீர் லாரி, பிறகு கேக். மே தொடக்கத்தில் குலதெய்வக் கோவிலில் மொட்டையும் காதுகுத்தும். இடையில் ஏப்ரல் 19-இல் அத்தை வீட்டில் ஓட்டு, 26-இல் எங்கள் அப்பா வீட்டில் ஓட்டு. இரண்டு நாளும் விரலில் மை வைத்துக்கொண்டு வந்தவர்களின் விரலை எல்லாம் என் மகன் சப்பிப் பார்த்தான்.

மொட்டை போட்ட இடத்தில் தகரக் கொட்டகை. பதினொரு மணிக்கே உள்ளே நிற்க முடியவில்லை. தாய்மாமன் மடியில் என்பதால் என் தம்பி பட்டு வேட்டியோடு உட்கார்ந்திருந்தான். கத்தி வைத்ததும் பிள்ளை அழவில்லை, ஈரத்தலையில் காற்று பட்டது சுகமாக இருந்தது போலும், கண்ணைச் செருகிக்கொண்டான். காது குத்தும்போது மட்டும் ஒரு அலறல். அதற்குள் தம்பி அழ ஆரம்பித்துவிட்டான். மாமனைப் பார்த்து அதிசயத்தில் பிள்ளையின் அழுகை நின்றுவிட்டது. சந்தனம் தடவிய தலையோடு அன்றிரவு அவன் தூங்கிய தூக்கத்தை அந்தக் கோடையில் அதற்கு முன் நான் பார்த்ததில்லை. தலையில் இருந்த வேர்க்குரு ஒரு வாரத்தில் காணாமல் போனது. வெயிலில் மொட்டை போட்டதால் எனக்கு லாபம்தான் என்று சொல்ல வேண்டும். கொட்டகையில் மயங்கி விழுந்த பெரியப்பா வேறு மாதிரி சொல்வார்.

அந்த வருடம் பருவமழை மே 30-இலேயே கேரளத்தில் இறங்கிவிட்டது. வாசல் முழுக்கத் தண்ணீர் ஓடியபோது அவனைத் தூக்கிக்கொண்டு காட்டினேன். "தண்ணி" என்றான், அத்தை கற்றுக்கொடுத்தபடி. நிஜமாகவே வெள்ளம் வந்த நாளில்!

தங்கையிடம் உங்கள் எல்லோருடைய பதிலையும் படித்துக் காட்டினேன். தாத்தா சொன்ன சாரலும் பிடித்திருக்கிறது, நகரிக்காரர் சொன்ன சுபதம் வாசலும் பிடித்திருக்கிறது. ஆண்டு நிறைவுக்கு இன்னும் இருபத்தாறு நாள் இருக்கிறது. திருப்பதிக்கு டிக்கெட் பார்க்கச் சொல்லியிருக்கிறாள். நகரிக்காரரே, மொட்டைக்கு முன்பதிவு வேண்டுமா, நேராகக் கல்யாணகட்டாவுக்குப் போய்விடலாமா? கூடவே, மலைமேல் விடியற்காலையில் பிள்ளைக்குக் குல்லா வேண்டியிருக்குமா என்று கேட்கச் சொன்னாள். செவிலியர் அக்கா இதைப் படிக்காமல் இருந்தால் நல்லது.